190 கி.மீ. தள்ளி ஒரு சிகரம்: ஒரு டூல் தெரியும் என்கிறது, இன்னொன்று தெரியாது என்கிறது

#1 விடியல்முகடு

மூன்று மாதமாக ஒரே முகட்டில் நின்று விடியலைப் படம் எடுத்து வருகிறேன். முகட்டின் உயரம் 2,100 மீட்டர். வடகிழக்கே 120 கி.மீ. தள்ளி நீளமான ஒரு மலைத்தொடர். அதில் எனக்கு நேரே வரும் பகுதி சுமார் 1,800 மீட்டர் உயரம்.

போன வாரம் 300 எம்எம் லென்ஸில் எடுத்த படம் ஒன்றைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தத் தொடரின் மேல்விளிம்பில் சின்னக் கூம்பு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. சூரியன் எழ 10 நிமிடம் இருக்கும்போது எடுத்த படம் அது. அரை மணி கழித்து எடுத்த படங்களில் கூம்பைக் காணோம்.

வரைபடத்தில் அந்தத் திசையில் கோடு இழுத்தால், தொடருக்கு அப்பால் 190 கி.மீ. தூரத்தில் 2,600 மீட்டர் சிகரம் ஒன்று வருகிறது. அதுதானா என்று பார்க்க, ஓர் இடத்திலிருந்து என்னவெல்லாம் தெரியும் என்று காட்டும் மூன்று இணையக் கருவிகளில் என் முகட்டைக் கொடுத்தேன். முதலாவது, சிகரம் தெரியவே தெரியாது என்றது. இரண்டாவது, நுனியில் ஏறக்குறைய 65 மீட்டர் மட்டும் தெரியும் என்றது. மூன்றாவது, 190 மீட்டருக்கு மேல் தெரியும் என்றது. மூன்றுக்கும் நான் கொடுத்தது ஒரே இடம், ஒரே உயரம். எதை நம்புவது?

#2 மேகமூட்டம்

மேகமாக இருக்கலாமே? விடியலில் அடிவானத்தில் மலை மாதிரியே மேகம் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

#3 கோணமானி

மேகமா மலையா என்பதை அப்புறம் பார்ப்போம், அதற்கு வழி இருக்கிறது. முதலில் மூன்று டூலும் ஏன் மூன்று பதில் சொல்கின்றன என்று பார்க்கலாம். மூன்றுமே சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. நில அளவையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் கையாலேயே போட்டுக் காட்டுகிறேன்.

பூமி வளைந்திருப்பதால் தூரத்தில் உள்ளது கீழே இறங்கிப் போகிறது. எவ்வளவு என்றால், கி.மீ.யில் உள்ள தூரத்தைத் தன்னோடு பெருக்கி 12.74ஆல் வகுத்தால் இறக்கம் மீட்டரில் கிடைக்கும். 10 கி.மீ.க்கு 8 மீட்டர்கூட வராது. உங்கள் தொடருக்கு, அதாவது 120 கி.மீ.க்கு, 1,130 மீட்டர். சிகரம் நிற்கும் 190 கி.மீ.க்கு 2,833 மீட்டர்.

இனி உங்கள் கண்மட்டத்தை வைத்துப் பார்ப்போம். 2,600 மீட்டர் சிகரம் 2,833 இறங்கியதும், உங்கள் 2,100ஐவிட 2,333 மீட்டர் கீழே போய்விடுகிறது. உங்கள் கண்ணிலிருந்து அதன் உச்சிக்கு ஒரு நேர்க்கோடு போட்டால், 120 கி.மீ.யில் அந்தக் கோடு உங்களைவிட 1,473 மீட்டர் கீழே கடக்கும். அங்கே நிற்கும் தொடரின் விளிம்போ 1,430 மீட்டர்தான் கீழே இருக்கிறது. ஆக, தொடர் 43 மீட்டர் எழும்பி மறைக்கிறது. முதல் டூலின் பதில் இது. ஒளி நேர்க்கோட்டில் போகும் என்று எடுத்துக்கொண்ட கணக்கு.

உண்மையில் ஒளி அப்படிப் போவதில்லை. கீழே அடர்ந்த காற்று, மேலே மெல்லிய காற்று. அதனால் கதிர் பூமியின் வளைவோடு கொஞ்சம் வளைந்தே வரும். ஜெர்மன் கணிதவியலாளர் காவுஸ் ஹனோவர் நாட்டை அளந்த காலத்திலிருந்து இதற்கு நாங்கள் வைத்திருக்கும் எண் 0.13. வளைவால் வரும் இறக்கத்தில் 13 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும். இதே கணக்கை அப்படிப் போட்டால் சிகரத்தின் இறக்கம் 2,465, தொடரின் இறக்கம் 983. இப்போது பார்வைக்கோடு தொடருக்கு மேலே 42 மீட்டரில் கடக்கிறது. 190 கி.மீ.யில் அது 66 மீட்டர். சிகரத்தின் மேல் 66 மீட்டர் உங்களுக்குத் தெரியும் என்று அர்த்தம். இரண்டாவது டூலின் பதில்.

விலகல் எண் என்று நாங்கள் சொல்லும் இந்த எண் 0.066க்குக் கீழே போனால் சிகரம் மறைந்துவிடும். தெரிவதற்கும் மறைவதற்கும் நடுவே உங்களுக்கு உள்ள இடைவெளி அவ்வளவுதான்.

#4 அலைவரிசை

ஐயா சொன்னதோடு மூன்றாவது டூலின் கதையை நான் சேர்த்துவிடுகிறேன். 190 மீட்டர் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது, அது ரேடியோக்காரர்களுக்காகச் செய்த கருவி. ரேடியோ அலை ஒளியைவிட அதிகம் வளையும். அதனால் பூமியின் ஆரத்தை 4/3 மடங்கு ஆக்கிக்கொண்டு, அலை நேராகப் போவதாக வைத்துக் கணக்குப் போடுவது எங்கள் வழக்கம். விலகல் எண்ணாகச் சொன்னால் 0.25. உங்கள் எண்களை அதில் போட்டேன்: தொடருக்கு மேலே 121 மீட்டர், சிகரத்தில் 192 மீட்டர். அச்சாக அதே பதில்.

விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பும் ஏடிஎஸ்-பி சிக்னலை வீட்டு மாடியில் ஆண்டெனா வைத்துப் பிடிப்பது என் பொழுதுபோக்கு. 10,000 மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு, இடையில் மலை எதுவும் இல்லாவிட்டால், 410 கி.மீ. வரை எட்டும் என்பது இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஹேவாட்ஸ்தட் தளத்தில் ஆண்டெனா இருக்கும் புள்ளியைக் கொடுத்தால், இத்தனை உயரத்தில் பறக்கும் விமானம் இத்தனை தூரம் வரை தெரியும் என்று திசைவாரியாக வளையம் போட்டுத் தரும். என் ரிசீவரில் விழுந்த விமானங்களை அந்த வளையத்தின் மேல் புள்ளிகளாக இட்டுப் பார்த்தபோது, மேற்கே ஒரு மலை வெட்டிய பள்ளம் இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. அன்று முதல் இந்தக் கணக்கின் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் அதே செட்டிங்கை வைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கிப் போனால் ஏமாற்றம்தான்.

#5 நிலப்படம்

கணக்கு இவ்வளவு தெளிவாக வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்த 2,600, 1,800 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கேட்க வேண்டும்.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை கையாளும் உயரத் தரவு செயற்கைக்கோள் அல்லது விண்கல ரேடார் அளந்தது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பயணத்தில் அளந்ததுதான் எஸ்ஆர்டிஎம் என்ற தரவு. வடக்கே 60 டிகிரி, தெற்கே 56 டிகிரி வரைதான் அதில் உண்டு. ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் 30 மீட்டர் தரவு அதைவிடப் புதியது, உலகம் முழுக்கக் கிடைக்கிறது. இரண்டிலுமே நிலம் ஏறக்குறைய 30 மீட்டர் சதுரக் கட்டங்களாக வெட்டப்பட்டு, கட்டத்துக்கு ஓர் உயரம் என்று இருக்கும். கூர்மையான உச்சி அந்தக் கட்டத்துக்குள் சராசரியாகிக் கரைந்துவிடும். ஊசிச் சிகரங்களில் 20, 30 மீட்டர் காணாமல் போவது சாதாரணம். உங்களுக்குத் தெரிவதே 66 மீட்டர். அதில் 30 போனால் பாதி போயிற்று.

நீங்கள் நிற்கும் இடத்துக்கும் இதே கதை. முகடு குறுகலாக இருந்தால், வரைபடத்தில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பின்னை (pin) 40 மீட்டர் தள்ளி வைத்தாலே கணினி உங்களைச் சரிவில் நிறுத்திவிடும். எதிர்ப்பக்கம் முழுவதும் மறைந்து போகும். பின்னை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, எங்கே உயரம் அதிகம் வருகிறதோ அங்கே வையுங்கள்.

சொந்தமாகக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிராஸ் மென்பொருளின் பார்வைப்பரப்புக் கட்டளையில் (ஓர் இடத்திலிருந்து தெரியும் நிலத்தைக் கணக்கிடுவது) பூமியின் வளைவையும் ஒளிவிலகலையும் நாமேதான் இயக்க வேண்டும். சும்மா ஓடவிட்டால் பூமி தட்டை. அப்படிப் போட்டால் உங்கள் சிகரத்தில் 975 மீட்டர் தெரியும் என்று வரும். ஜிடால் என்ற மென்பொருளில் வளைவுக்கான எண் ஏற்கெனவே 0.857 என்று இருக்கும், அதாவது வளைவால் வரும் இறக்கத்தில் ஏழில் ஆறு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒளிக்கு அது பொருந்தும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்கு ஸோரான் சுச்கோவிச் எழுதிய விசிபிலிட்டி அனாலிசிஸ் பிளக்இன் வளைவு, விலகல் இரண்டையும் கண் முன்னால் வைத்துக் கேட்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

#6 விடியல்முகடு

பின்னை நகர்த்திப் பார்த்தேன். நிலப்படம் சொன்னது அப்படியே நடந்தது. நான் வைத்திருந்த இடத்தில் டூல் எடுத்துக்கொண்ட உயரம் 2,083 மீட்டர். 35 மீட்டர் வடக்கே நகர்த்தியதும் 2,098. அந்த ஒரு நகர்வில், பக்கத்திலேயே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் சாம்பல் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறியது. அந்தப் பள்ளத்தாக்கை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். இத்தனை நாள் வரைபடத்தில் அது ஏன் மறைவாக இருந்தது என்பதற்கு இப்போதுதான் விடை கிடைத்தது.

#7 மேகமூட்டம்

என் மாதிரி ஆளுக்கு ஒரு கேள்வி. பச்சையாக இருந்தால் தெரியும், சாம்பலாக இருந்தால் தெரியாது, அவ்வளவுதானே?

#8 காவல்கோபுரம்

இல்லை மேகமூட்டம், அவ்வளவு இல்லை. நான் காட்டுத்தீ கண்காணிப்பில் இருக்கிறேன், இந்தப் பச்சையை நம்பி நாங்கள் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு கேமராவுக்கு இடம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆறு குன்றுகளுக்குப் பார்வைப்பரப்பு போட்டோம். ஒரு குன்றிலிருந்து மட்டும் சுற்றிலும் பச்சை கொட்டியது. 15 மீட்டர் கம்பம் நட்டு கேமராவை ஏற்றினோம். திரையில் தெரிந்தது இலை. நான்கு பக்கமும் இலை. நாங்கள் போட்ட உயரத் தரவு ரேடார் தரவு, அது காட்டின் மேல்பரப்பையே தரை என்று எடுத்திருந்தது. அந்தக் குன்றில் மரங்கள் 20 மீட்டர். கணினியில் எங்கள் கேமரா மர உச்சிக்கும் 15 மீட்டர் மேலே நின்றது. நிஜத்தில் மர உச்சிக்கு 5 மீட்டர் கீழே. கம்பத்தை உயர்த்த மறுபடியும் பணம் கேட்டு வாங்க ஒரு பருவம் போய்விட்டது. அந்தப் பருவத்தில் அந்தப் பக்கத்துக்குக் கண் இல்லை.

இன்னொன்று, எதைப் பார்க்க வேண்டும் என்ற உயரம். பெரும்பாலான டூல்களில் இலக்கின் உயரம் சுழியம் என்றே இருக்கும், அதாவது தரை தெரிகிறதா என்ற கேள்வி. எங்களுக்கு வேண்டியது புகை. இலக்கை 60 மீட்டர் என்று கொடுத்தால் பள்ளத்தாக்குகளில் பாதி பச்சையாகிவிடும். ஆனால் அந்தப் பச்சை, புகை 60 மீட்டர் எழும்பிய பிறகுதான் தெரியும் என்று சொல்கிறது. அதற்குள் போகும் நிமிடங்கள் வரைபடத்தில் இருக்காது. அதனால் நாங்கள் 0, 30, 60 என்று மூன்று வரைபடம் போட்டு ஒன்றின் மேல் ஒன்று வைத்துத்தான் முடிவு எடுக்கிறோம்.

#9 நிலப்படம்

காவல்கோபுரம், அந்த அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி. மரமும் கட்டடமும் கழித்த தரவு இப்போது கிடைக்கிறது. கோப்பர்நிகஸ் தரவிலிருந்து காட்டையும் வீடுகளையும் நீக்கி பிரிஸ்டல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபேப்டெம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. வெறும் தரையை எடுத்துக்கொண்டு, மர உயரத்தை நாமே தேவையான இடத்தில் சேர்ப்பதுதான் சரியான முறை என்பது என் கருத்து.

#10 காவல்கோபுரம்

அதில் பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். வெறும் தரையைப் போட்டால் காடு முழுவதும் கண்ணாடியாகிவிடும், எல்லாமே பச்சை. நாம் நிற்கும் புள்ளியில் மட்டும் தரை வேண்டும். இடையில் உள்ள மலைகளில் மரத்தோடுதான் வேண்டும், ஏனென்றால் மறைக்கப்போவது மரம்தான். விடியல்முகடுவின் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பில் 20 மீட்டர் மரங்கள் வரிசையாக நின்றால், 190 கி.மீ.யில் அது 32 மீட்டரைத் தின்றுவிடும். 66இல் பாதி.

#11 நிலப்படம்

சரி, அது நியாயம். நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டத்துக்கு மட்டும் தரை, மற்றதற்கெல்லாம் மேல்பரப்பு என்று இரண்டு லேயரையும் ஒட்டிக்கொள்ளலாம். கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் ஐந்து நிமிட வேலை. நான் இனி அப்படியே செய்கிறேன்.

#12 கோணமானி

மேகமா மலையா என்ற கேள்விக்கு வருகிறேன்.

1808இல் பாரன் ஃபான் ஸாக் என்ற வானியலாளர் பிரான்சின் மார்செயில், நோத்ர்-தாம் த லா கார்த் குன்றிலிருந்து, ஏறக்குறைய 250 கி.மீ. தள்ளிப் பிரனீஸ் மலையில் நிற்கும் கனிகூவைப் பார்த்தார். அவரும் கணக்குப் போட்டு, சூரியன் சரியாக அதன் பின்னால் இறங்கும் நாளுக்குக் காத்திருந்துதான் பார்த்தார். இன்றும் பிப்ரவரியிலும் அக்டோபர் கடைசியிலும் அங்கே அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. 2016இல் மார்க் ப்ரெட் பிரனீஸின் பிக் த ஃபினெஸ்ட்ரெல்லிலிருந்து ஆல்ப்ஸின் பிக் காஸ்பாரை 443 கி.மீ. தூரத்தில் படம் எடுத்தது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அதுவும் விடியல் வெளிச்சத்தில். இவ்வளவு தூரத்தில் மலை தன் நிறத்தால் தெரியாது. அதன் பின்னால் வானம் ஒளிர்ந்தால்தான் நிழலுருவாகத் தெரியும். உங்கள் கூம்பு அரை மணியில் மறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கும். சூரியன் ஏறியதும் இடையிலுள்ள 190 கி.மீ. காற்றும் வெளிச்சமாகிவிடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது திசைக்கோணம், அதாவது வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்று பார்ப்பது. அதே படத்தில் உங்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த இரண்டு உச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றின் திசைக்கோணங்களை ஹேவாட்ஸ்தட்டிலோ, மலைகளைப் பெயரோடு காட்டும் பீக்ஃபைண்டரிலோ எடுங்கள். படத்தில் இரண்டுக்கும் நடுவே எத்தனை பிக்சல் என்று எண்ணினால், ஒரு டிகிரிக்கு இத்தனை பிக்சல் என்று கிடைக்கும். பிறகு கூம்பு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. காந்தத் திசைகாட்டி வேண்டாம். அதில் அரை டிகிரி பிழை சர்வசாதாரணம், உங்களுக்கு அது தாங்காது.

#13 விடியல்முகடு

ஐயா, செய்துவிட்டேன்.

முதல் உச்சி 61.2 டிகிரி, இரண்டாவது 64.9 டிகிரி. நடுவே 3.7 டிகிரி, படத்தில் 4,843 பிக்சல். டிகிரிக்கு 1,309. கூம்பின் நுனி முதல் உச்சியிலிருந்து 1,571 பிக்சல் தள்ளி இருக்கிறது, அதாவது 1.2 டிகிரி. ஆக 62.4. என் முகட்டிலிருந்து அந்தச் சிகரத்தின் திசைக்கோணம் என்று டூல் கொடுப்பது 62.41. மேகம் இல்லை!

கூம்பின் உயரத்தையும் எண்ணினேன், தொடரின் விளிம்பிலிருந்து நுனி வரை 31 பிக்சல். கேமராவின் பிக்சல் 4 மைக்ரான், லென்ஸ் 300 எம்எம் என்று போட்டால் சிகரத்தில் 78 மீட்டர் வருகிறது. நீங்கள் சொன்ன 66 மீட்டர் என்றால் 26 பிக்சல்தான் வந்திருக்க வேண்டும். அன்று காலை ஒளி கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? திருப்பிக் கணக்குப் போட்டால் விலகல் எண் 0.14 என்று வருகிறது.

#14 கோணமானி

திசைக்கோணம் அருமையாகப் பொருந்திவிட்டது, அது மலையேதான். ஆனால் அந்த 0.14ஐ இப்போதைக்கு எழுதி வைக்க வேண்டாம். தொடரின் உயரத்தில் 8 மீட்டர் பிழை இருந்தாலே இந்த வித்தியாசம் முழுவதும் அதில் வந்துவிடும், 30 மீட்டர் கட்டத் தரவில் 8 மீட்டர் பெரிய விஷயம் இல்லை. ஒரே இடத்தில் முக்காலியை நட்டு, வேறு வேறு நாள் எடுத்து, பிக்சல்களை ஒப்பிடுங்கள். உயரப் பிழை எல்லா நாளும் ஒன்றுதான். நாளுக்கு நாள் மாறுவது காற்று மட்டும்தான்.

#15 மேகமூட்டம்

அக்கா, அது மேகம் என்று சொன்னது நான்தான். மலை என்று தெரிந்ததில் எனக்கு உங்களைவிட சந்தோஷம். கண்ணால் பார்க்க முடியுமா?

#16 விடியல்முகடு

கண்ணுக்குக் கஷ்டம், மேகமூட்டம். 0.02 டிகிரியை ஒட்டித்தான் வருகிறது, நல்ல பார்வைக்கே அது எல்லைக்கோடு. பைனாகுலரில் பார்க்கலாம்.

பாறையில் முக்காலிக் கால்களுக்கு மூன்று குறி போட்டிருக்கிறேன். அதற்கப்புறம் நான்கு விடியல் போனேன். இரண்டு நாள் மூட்டம், தொடரே தெரியவில்லை. ஒரு நாள் 24 பிக்சல். இன்று 29. இரண்டுமே சூரியன் எழ 10 நிமிடம் இருக்கும்போது எடுத்தவை. ஒவ்வொரு நாளும் முகட்டின் வெப்பநிலையையும் குறித்து வருகிறேன். முப்பது நாள் சேர்ந்ததும் அட்டவணையை இங்கேயே போடுகிறேன்.